கெடுப்பதும் காப்பதும் ஒரே செல்லா?

கேள்வி: மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயில் நம் எதிர்ப்புச் செல்களே நரம்பைத் தாக்குகின்றன என்கிறார்கள். அதே செல்கள்தான் நரம்பைக் காப்பாற்றுகின்றன என்றும் சமீபத்தில் படித்தேன். எது சரி?

பதில்: இரண்டுமே சரிதான். குழப்பமாகத்தான் இருக்கும், விஞ்ஞானிகளுக்கே இருந்தது!

கையில் ஒரு நரம்பு அறுபட்டால், அறுந்த இடத்துக்கு அப்பால் இருக்கும் இழை சிதைந்து போகும். 1850-இல் பிரிட்டிஷ் மருத்துவர் அகஸ்டஸ் வாலர் தவளையின் நாக்கு நரம்பை வெட்டிப் பார்த்து இதைச் சொன்னார். அப்புறம்தான் எதிர்ப்புச் செல்களின் வேலை ஆரம்பம். நரம்பைச் சுற்றியுள்ள ஷ்வான் செல்கள் ரசாயன அழைப்பு விட, ரத்தத்திலிருந்து மேக்ரோஃபேஜ்கள் என்ற எதிர்ப்புச் செல்கள் திரண்டு வந்து, இழையின் மேலுறையான மயலின் சிதைந்த குப்பையை விழுங்கித் தீர்க்கும், பாதை காலியானதும் புது இழை நாளொன்றுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் வளரும். தண்டுவடத்தில் இந்தத் துப்புரவு மாதக்கணக்கில் இழுத்தடிக்கும். அங்கே தேங்கும் மயலினில் நோகோ என்ற புரதம் வேறு இருக்கிறது, வளர வருகிற இழையை அது தடுத்துவிடும். தண்டுவடக் காயம் ஆறாததற்கு இதுவும் ஒரு காரணம்.

நீங்கள் படித்த சங்கதிக்கு வேர் 1999-இல். இஸ்ரேலின் வைஸ்மன் ஆய்வு நிலையத்தில் மிஹல் ஷ்வார்ட்ஸ் குழு, எலியின் கண் நரம்பை நசுக்கிவிட்டு, மயலினையே குறிவைக்கும் டி செல்கள் என்ற எதிர்ப்புச் செல்களை ஊசியில் ஏற்றியது. எலியின் கால்களையே செயலிழக்க வைக்கக்கூடிய வகைச் செல்கள் அவை! ஆனால் அவற்றைப் பெற்ற எலிகளில் அதிக நரம்புச் செல்கள் பிழைத்தன. பலரும் நம்ப மறுத்தார்கள், மறுத்ததில் தப்பும் இல்லை. ஆனால் 2017-இல் எலிகளில் இன்னொன்றும் தெரிந்தது: மற்ற எதிர்ப்புச் செல்களை அடக்கிவைக்கும் ஒழுங்காற்று டி செல்கள் இல்லாவிட்டால் மயலின் திரும்ப உருவாவதே தடுமாறுகிறது.

ஆக, எந்தச் செல், எப்போது வருகிறது, எவ்வளவு நாள் தங்குகிறது என்பதைப் பொறுத்தது. வந்த வேலை முடிந்தும் கிளம்பாமல் உட்கார்ந்துவிட்டால் ஆபத்து.

சரி, மனிதர்களுக்கு? தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு அவரவர் மேக்ரோஃபேஜ்களையே பக்குவப்படுத்திச் செலுத்திப் பார்த்தார்கள். எலியில் பலித்தது, மனிதரில் பலிக்கவில்லை. 2012-இல் முடிவு வெளியானது. அதனால் ‘எதிர்ப்புச் சக்தி நரம்புக்கு நல்லதாமே’ என்று யாரும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் மருந்தைத் தாமாக நிறுத்திவிட வேண்டாம், எதுவானாலும் நரம்பியல் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.