தடம் மாறிய பையன்களைச் சைக்கிள் குழு மாற்றுமா?

தம்பி மகனுக்குப் பதினேழு வயது, பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டான், குடிக்கிறான், ஒரு திருட்டு வழக்கும் இருக்கிறது, சைக்கிள் குழுவில் சேர்த்தால் மாறுவானா என்று கேட்டிருக்கிறீர்கள்.

சைக்கிள் ஓட்டியே திருந்தியவர் யாரையும் நான் பார்த்ததில்லை. ஞாயிறு விடிகாலை ஐந்தரைக்கு நாலு பேர் தனக்காகக் குளிரில் நிற்பார்களே என்று சனிக்கிழமை ராத்திரி குடிக்காமல் படுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கோத்தகிரியில் சைக்கிள், டூவீலர் பட்டறை வைத்திருக்கிறேன். நானும் பத்தாவதோடு நின்றவன்தான், அந்தக் கதை இப்போது வேண்டாம். பட்டறையைச் சுற்றி நிற்கும் பையன்களில் பலர் எஸ்டேட் லயன் வீட்டுப் பிள்ளைகள், அதாவது தேயிலைத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் வளர்ந்தவர்கள். திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போவார்கள், மூன்று மாதத்தில் திரும்பி வருவார்கள், அப்புறம் டாஸ்மாக் பக்கம்தான். அவர்களில் ஐந்தாறு பேரைக் கூட்டிக்கொண்டு வாரம் ஒரு நாள் போகிறேன்.

எங்கள் ஊரில் கூட்டமாகப் போக யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. விடிகாலையில் தேயிலைக்குள்ளிருந்து காட்டெருமை ரோட்டுக்கு வரும், கரடியும் வரும். தனியாகப் போகிறவனைப் பைத்தியம் என்பார்கள்.

சமவெளியில் வேகமாகப் போகும் குழுவில், முன்னால் போகிறவனை ஒட்டிப் போனால் காற்று மறைந்து மூன்றில் ஒரு பங்கு உழைப்புகூட மிச்சமாகும். ஏற்றத்தில் அந்தச் சலுகை கிடையாது. மணிக்கு எட்டு கிலோமீட்டர் வேகத்தில் காற்று ஒரு பொருட்டா? அவனவன் எடையை அவனவன்தான் தூக்க வேண்டும். ஆனால் அந்த வேகத்தில் பேச்சு வரும். முகத்தைப் பார்க்க வேண்டாம், ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசலாம். கவுன்சிலிங்கில் வாயே திறக்காத ஒருவன், கோடநாடு போகும் வழியில் அப்பா அடித்ததையெல்லாம் சொன்னான். நான் ‘ம்’ கூடக் கொட்டவில்லை. எனக்கு மூச்சு வாங்கியது.

இன்னொருவன் பேட்டரி திருட்டில் மாட்டி, 18 வயதுக்குள் இருப்பவர்களின் வழக்கை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமம் வரை போய், நன்னடத்தைக் கண்காணிப்பில் விடப்பட்டவன். நல்ல கால் பலம். எங்களை விட்டுவிட்டு முன்னால் போவதில்தான் அவனுக்கு ருசி. வளைவில் நில்லுடா என்றால் நிற்கமாட்டான். ஒருநாள் மேட்டுப்பாளையம் இறங்கித் திரும்ப ஏறினோம். 33 கிலோமீட்டர், கிட்டத்தட்ட 1,500 மீட்டர் ஏற்றம். அது பலாப்பழக் காலம். குஞ்சப்பனைப் பக்கம் பலா பழுத்தால் யானை ரோட்டுக்கே வந்துவிடும் என்று தெரிந்தும் கூட்டிப் போனது என் தப்பு.

முன்னால் போனவன் எங்களுக்கு எதிரே இறங்கி வந்தான். ஏறின ஏற்றத்தை விட்டுக் கீழே வருவது எவ்வளவு கசப்பு என்று ஓட்டினவர்களுக்குத் தெரியும். “அண்ணா, நில்லுங்க. தாயும் குட்டியும் ரோட்டுல நிக்குது” என்றான். சின்னவன் ஒருத்தன் இன்னும் பின்னால் வருகிறான் என்றதும் அவனை நிறுத்த இன்னும் கீழே போனான். முக்கால் மணி நேரம் ஒரு லாரிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தோம். யாரும் அவனைப் பாராட்டவில்லை. அடுத்த வாரம் பம்ப்பும் பஞ்சர் சாமானும் இருக்கும் பையை அவனிடம் கொடுத்தேன். அந்தப் பையை வைத்திருப்பவன் எல்லாருக்கும் கடைசியில்தான் வர வேண்டும். முதல் மாதம் முறைத்துக்கொண்டேதான் வந்தான்.

எல்லாரும் இப்படி இல்லை. பட்டறையில் நானே சரிசெய்து கொடுத்த சைக்கிளை ஒருவன் இரண்டே வாரத்தில் விற்றுவிட்டான். இப்போதும் பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்தால் கூட்டத்துக்குள் நுழைந்துவிடுகிறான்.

உங்கள் பையனுக்கு வருவோம். தினமும் அதிகமாகக் குடிக்கிறவன் என்றால் முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், அதற்குச் சைக்கிள் மருந்தில்லை. வழக்கைப் பற்றியும் அவனிடம் பேசுங்கள். 18 வயதுக்குள் செய்த திருட்டு மாதிரி சிறு குற்றத்தால் பின்னாளில் எந்தத் தகுதியையும் இழக்க வேண்டியதில்லை என்று 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் சொல்கிறது. ‘இனிமே நமக்கு எவன் வேலை கொடுப்பான்’ என்று நினைத்துத்தான் பாதிப் பேர் மேலும் கெடுகிறார்கள்.

கியர் சைக்கிள் வாங்கித் தராதீர்கள். அரசு கொடுத்த சைக்கிளே போதும், பின்னால் பல் அதிகமுள்ள ஃப்ரீவீல் மாற்றினால் ஓரளவு ஏறும், மிச்சத்தைத் தள்ளிக்கொண்டு நடக்கலாம். எங்கள் குழுவில் தள்ளுகிறவனைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. ஏற்றத்தைவிட இறக்கத்துக்குத்தான் நான் பயப்படுகிறேன். பிரேக்கை விடாமல் பிடித்தே இறங்கினால் ரிம் சூடேறி ட்யூப் வெடிக்கும். விட்டு விட்டுப் பிடிக்கப் பழக்காமல் யாரையும் மலை இறக்காதீர்கள்.

அப்புறம், குழுவில் சேர்க்கும்போது அவன் கதையை யாரிடமும் சொல்ல வேண்டாம். நீங்கள் கூட வரவும் வேண்டாம். பஞ்சர் ஒட்டத் தெரியுமா என்று மட்டும்தான் நாங்கள் கேட்போம்.