கடல் எப்போது வரும்?

வாசகர் கேள்வி – பதில். இந்த இதழில் அந்தமான் கடலோரத் தங்கல் பற்றி வந்த கடிதங்கள்.

கேள்வி: மார்ச் மாதம் என் கணவர் பணி ஓய்வு பெறுகிறார். முப்பத்தைந்து வருட ஓட்டம். ஊர் சுற்றிப் பார்க்க அல்ல, கடலைப் பார்த்து நான்கு நாள் உட்கார்ந்திருக்க அந்தமான் போகலாம் என்றிருக்கிறோம். ஹேவ்லாக்கா, நீல் தீவா? எனக்கு முட்டிவலி உண்டு. – வாசகி, தேனி

பதில்: நீலுக்குப் போங்கள் சகோதரி. ஹேவ்லாக்கின் ராதாநகர் கடற்கரை அழகுதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அங்கே போய்விட்டால் முக்குளிப்பு, கலாபத்தர் கரை, எலிஃபன்ட் பீச் என்று ஆளாளுக்கு உங்களை இழுப்பார்கள். நீலில் இழுக்க ஆளில்லை. ஆட்டோவில் ஏறினால் கால் மணி நேரத்தில் தீவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்விடலாம். நடுவில் வாழைத் தோப்பும் காய்கறித் தோட்டமும்தான். கிழக்கு வங்காளத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் பயிர் செய்யும் மண் அது.

பெயர் மாற்றம் தெரிந்திருக்கும்: 2018 முதல் நீல் 'ஷஹீத் த்வீப்', ஹேவ்லாக் 'ஸ்வராஜ் த்வீப்'. போர்ட் பிளேர் 2024-இலிருந்து 'ஸ்ரீ விஜயபுரம்'. பழைய பெயருக்குக் காரணமான நீல், 1857 சிப்பாய்க் கிளர்ச்சியின்போது நம் மக்களைக் கொடூரமாகப் பழிதீர்த்த ஆங்கிலேயத் தளபதி. சென்னை மவுண்ட் ரோட்டில் அவருக்குச் சிலை இருந்தது. அதை அகற்றச் சொல்லி 1927-இல் நம்மவர்கள் சத்தியாகிரகம் செய்து சிறைக்குப் போனார்கள். 1937-இல் ராஜாஜி ஆட்சியில்தான் அது எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனது. அந்தத் தீவில் கால் வைத்தபோது எனக்கு இது நினைவுக்கு வந்து, கொஞ்ச நேரம் பேச்சே எழவில்லை.

முட்டிக்கு வருகிறேன். இரண்டு வருடம் முன்பு எழுபத்தொரு வயது அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனவள் நான். படகிலிருந்து இறங்கும் பலகை ஆடும். ஊழியரிடம் கை கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம். துறைமுகப் பாலம் நீளமானது. எல்லோரையும் முன்னே விட்டுவிட்டு நிதானமாக நடங்கள். அறை பதிவு செய்யும்போது போனில் மூன்று விஷயம் கேளுங்கள். குடிலுக்கு எத்தனை படி? மேற்கத்திய கழிப்பறையா? ஜெனரேட்டர் எந்தப் பக்கம்? மூன்றாவதை நான் கேட்காமல் விட்டேன். முதல் இரவு மின்சாரம் போனதும் தலைமாட்டிலேயே டீசல் மோட்டார் உறுமியது. மறுநாள் குடில் மாற்றிக் கொடுத்தார்கள், ஆனால் அம்மாவின் ஓர் இரவுத் தூக்கம் போனது போனதுதான்.

கேள்வி: இணையத்தில் பளிங்கு போன்ற நீலத் தண்ணீரைப் பார்த்துவிட்டு 'கடலைத் தொட்டபடி' என்று விளம்பரம் செய்த ஒரு ரிசார்ட்டில் தங்கினோம். மதியம் போய்ச் சேர்ந்தால் கடலே இல்லை. அரை கிலோமீட்டருக்குக் கறுப்புப் பாறையும் பாசியும்தான். ஏமாற்றிவிட்டார்களா? – வாசகர், கோவை

பதில்: படம் பொய்யில்லை தம்பி. நேரத்தைச் சொல்லாததுதான் அவர்கள் தவறு, அந்த வருத்தம் நியாயமானது. மெரினாவையும் ராமேஸ்வரத்தையும் பார்த்து வளர்ந்த நமக்குக் கடல் இருந்த இடத்தில் இருக்கும் என்றே பழக்கம். சென்னையில் கடல் ஏறி இறங்குவது ஒரு மீட்டர் அளவுக்குத்தான். அந்தமானில் அது இரண்டு மீட்டரைத் தொடும். கரையோ சரிவில்லாத பவளத்திட்டு. தட்டில் ஊற்றிய தண்ணீர் போல, கொஞ்சம் வற்றினாலே வெகுதூரம் விலகிவிடும். ஒரு நாளில் இரண்டு தடவை ஏறும், இரண்டு தடவை வற்றும். நேரம் தினமும் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் வற்றமும் அதிகம். அஷ்டமியை ஒட்டிக் குறைவு. நம் வீட்டு நாட்காட்டியே போதும்.

நாங்கள் இருந்தது பௌர்ணமி சமயம். காலை பத்து மணிக்குக் குடிலுக்கு முன்னால் இடுப்பளவு தண்ணீர். அம்மா கைத்தடியைக் கரையில் ஊன்றிவிட்டு, என் தோளைப் பிடித்துக்கொண்டு அதில் உட்கார்ந்தே குளித்தாள். மாலை நான்கு மணிக்கு அதே இடம் பாறைக்காடு. தேங்கிய குட்டை ஒவ்வொன்றிலும் ஒரு தனி உலகம்: விரல் நகம் அளவு நீல மீன்கள், கடல் அட்டை, தொட்டால் சுருங்கும் ஏதோ ஒரு பூ. செருப்போடு, மணல் இருக்கும் இடமாகப் பார்த்துக் கால் வையுங்கள். பவளம் உயிருள்ளது, மிதித்தால் சாகும். காலையும் கிழிக்கும்.

அடுத்த முறை அறையை உறுதி செய்யும் முன் 'நாங்கள் வரும் நாட்களில் தண்ணீர் எத்தனை மணிக்கு ஏறும்?' என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத இடத்தில் தங்காதீர்கள். குளிப்பதற்குக் காவலர் நிற்கும் கரையே நல்லது. அந்தமானில் உப்புநீர் முதலைகள் உண்டு. எச்சரிக்கைப் பலகையைப் பார்த்தால் மதியுங்கள்.

கேள்வி: சுத்த சைவம். பட்டினிதானா? – வாசகி, கும்பகோணம்

பதில்: இல்லவே இல்லை. வங்காளிச் சமையல்காரர் வைத்த பருப்பும், மஞ்சள் தடவி எண்ணெயில் வறுத்த கத்திரிக்காயும், சூடான சோறும் நான்கு நாளும் அலுக்கவில்லை. கத்திரிக்காய் பின்னாலிருந்த தோட்டத்தில் பறித்தது. காலையிலேயே சொல்லி வைத்துவிட வேண்டும், அவ்வளவுதான். ரசப்பொடி மட்டும் கொண்டு போங்கள்.

கேள்வி: கரையில் கிடக்கும் சிப்பி, பவளத்துண்டு எடுத்து வரலாமா? – பள்ளி மாணவி, நாகர்கோவில்

பதில்: வேண்டாம் கண்ணு. பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறது, உடைந்து கிடப்பதும் சேர்த்துத்தான். விமான நிலையத்தில் பையைத் திறந்து எடுத்துவிடுவார்கள். காலிச் சங்குக்குச் சொந்தக்காரரும் உண்டு. மெல்லிய வயிறுள்ள ஒரு நண்டு அதில் குடியேறி, வளர வளரப் பெரிய சங்கு தேடும். நீ ஒன்றை எடுத்தால் அதற்கு ஒரு வீடு குறையும்.

கேள்வி: நான்கு நாள் சும்மா உட்கார்ந்திருக்க முடியுமா? இரண்டாம் நாளே பிள்ளைகள் போரடிக்கிறது என்பார்களே? – வாசகர், சேலம்

பதில்: முதல் நாள் சொல்வார்கள். சொல்லட்டும். அங்கே மார்ச்சில் சூரியன் காலை ஐந்தரைக்கு எழுந்து மாலை ஐந்தரைக்கெல்லாம் போய்விடும். கடிகாரம் நம்முடையது, வெயில் அவர்களுடையது. எட்டு மணிக்கு எழுந்தால் பாதிக் காலை போச்சு. நீலில் தங்கினால் ஐந்து மணிக்கே பிள்ளைகளைச் சீதாபூர் கரைக்கு அழைத்துப் போங்கள். மதியம் தூங்கட்டும். மாலையில் லக்ஷ்மண்பூர் கரை.

என் அம்மா வீட்டில் பத்து நிமிடம் ஓரிடத்தில் உட்கார மாட்டாள். அங்கே மூன்றாம் நாள் சாயங்காலம் படியில் உட்கார்ந்து, மணலில் சங்குகள் நகர்வதை ஒன்றரை மணி நேரம் பார்த்தாள். ஒரு நண்டு பழைய சங்கை விட்டு வெளியே வந்து, நடுங்கிக்கொண்டே புதியதற்குள் பின்பக்கமாகப் புகுந்தது. "வாடகை வீடு மாத்துற மாதிரியே இருக்குடி" என்றாள். அப்பா போன பிறகு நாங்கள் மாறிய ஐந்து வீடுகளைப் பற்றி அன்றிரவுதான் முதன்முறையாக என்னிடம் பேசினாள்.

பிள்ளைகளுக்கு ஒரு டார்ச் லைட் வாங்கிக் கொடுங்கள், இருட்டியதும் நண்டுகள் இன்னும் நிறைய வரும். மணல் ஈக்கு முழங்கால் வரை தேங்காய் எண்ணெய் தடவி அனுப்புங்கள்.