மங்கிய முன்விளக்கு: வாசகர் கேட்டவையும் பதில்களும்

கேள்வி: செந்தூலில் அடுக்குமாடி வீட்டில் குடியிருக்கிறேன். கார் வாங்கிப் பதின்மூன்று ஆண்டுகள் ஆகின்றன. முன்விளக்குகள் இரண்டும் மஞ்சளேறிப் பால் படிந்தாற்போல் மங்கிவிட்டன. மழை இரவுகளில் சாலைக் கோடே கண்ணுக்குத் தெரிவதில்லை. பட்டறையில் விளக்கையே மாற்றச் சொல்கிறார்கள். வீட்டிலேயே சரிசெய்ய வழி உண்டா? செய்தால் எவ்வளவு காலம் நிற்கும்?

பதில்: பெரும்பாலான விளக்குகளை வீட்டிலேயே சரிசெய்துவிடலாம். உங்களுடையது அந்த வகையைச் சேர்ந்ததா என்று அறிய, ஒரு குவளைத் தண்ணீரை விளக்கின் மேல் ஊற்றிப் பாருங்கள். ஈரமாக இருக்கும் அந்தச் சில விநாடிகளில் விளக்கு தெளிந்து, உள்ளிருக்கும் பல்ப் நன்றாகத் தெரிந்தால், பழுது வெளிப்பரப்பில்தான் இருக்கிறது, தேய்த்தால் போய்விடும். தண்ணீர் பட்டும் தெளியாவிட்டால், மங்கல் உட்புறத்தில் இருக்கலாம், அல்லது பிளாஸ்டிக்கினுள் ஆழமாக நுண்விரிசல்கள் ஓடியிருக்கலாம். அப்படியானால் பட்டறைக்காரர் சொல்வதே சரி.

நம் பெற்றோர் காலத்து டட்சன் கார்களில் முன்விளக்கு கண்ணாடியால் ஆனது. எத்தனை வெயில் பட்டாலும் அது மஞ்சளாவதில்லை. 1980-களிலிருந்து கார் தயாரிப்பாளர்கள் பாலிகார்பனேட் என்னும் பிளாஸ்டிக்குக்கு மாறத் தொடங்கினார்கள். எடை குறைவு, கல் பட்டால் சிதறாது, விரும்பிய வடிவத்தில் வார்க்கலாம் என்பவை அதன் நன்மைகள். ஆனால் இந்தப் பிளாஸ்டிக் புற ஊதாக் கதிரைத் தாங்காது. அதனால்தான் தொழிற்சாலையிலேயே அதன் மேல் ஒரு மெல்லிய காப்புப் பூச்சு பூசி அனுப்புகிறார்கள். நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ 3 பாகை வடக்கே உள்ள கோலாலம்பூரில், ஆண்டு முழுவதும் உச்சி வெயிலில் நிற்கும் காரில் அந்தப் பூச்சு மெல்ல உரிந்து போகிறது. அதன் பின் கதிர்கள் பிளாஸ்டிக்கையே தாக்கி, மேற்பரப்பை மஞ்சளாக்கி, நுண்ணிய வெடிப்புகளை உண்டாக்குகின்றன. பல்பிலிருந்து வரும் ஒளி அந்த வெடிப்புகளில் பட்டுச் சிதறுவதால், சாலையில் விழ வேண்டிய வெளிச்சத்தின் ஒரு பகுதி எதிரே வருபவரின் கண்ணில் போய் விழுகிறது. அமெரிக்க வாகன ஓட்டுநர் சங்கமான ஏஏஏ 2018-இல் வெளியிட்ட ஆய்வின்படி, மோசமாக மங்கிய விளக்கு புதிய விளக்கின் ஒளியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கையே தருகிறது. தேய்த்துச் சீராக்கினால் அது ஏறத்தாழ 70 விழுக்காட்டுக்கு மீள்கிறது. முழுமையாக மீளாவிட்டாலும் மழை இரவில் இந்த வேறுபாடு மிகப் பெரியது.

இனி வேலைக்கு வருவோம். விளக்கைச் சோப்பு நீரால் கழுவித் துடைத்தபின், சுற்றியுள்ள பெயிண்ட் மீது மாஸ்கிங் டேப்பை இரண்டு மடிப்பாக ஒட்டுங்கள். கை ஒருமுறை வழுக்கினால் போதும், பானெட்டில் கீறல் விழுந்துவிடும். தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் மணல் தாள்களை, கடையில் மலாய் மொழியில் ‘கெர்த்தாஸ் பாசிர்’ என்று கேட்டாலும் தருவார்கள், 800, 1000, 1500, 2000, 3000 என்ற எண்களில் வாங்கி, பத்து நிமிடம் தண்ணீரில் ஊறவையுங்கள். தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரச் சோப்பு கலந்தால் தாள் வழுக்கிக்கொண்டு போகும். முதலில் 800-ஆல் இடவலமாக மட்டும் தேய்க்க வேண்டும். வழியும் நீர் தொடக்கத்தில் வெளிர்மஞ்சளாகச் சளிபோல் இறங்கும். அது பழைய பூச்சு. ஓரங்களில் அந்தப் பூச்சு, வெயிலில் உரியும் தோலைப்போல் கரை கட்டி நிற்பதையும் காண்பீர்கள். அந்தக் கரை முழுவதும் மறைந்து, வழியும் நீர் தூய வெள்ளையாகும்வரை அடுத்த தாளைத் தொடாதீர்கள். இந்த ஒரு படியில் அவசரப்பட்டதால்தான் பலருடைய விளக்குகளில் கடைசியில் வட்ட வட்டமாகத் திட்டுகள் தெரிகின்றன.

அடுத்து 1000-ஐ மேல்கீழாகவும், 1500-ஐ மறுபடி இடவலமாகவும், இப்படி ஒவ்வொரு தாளுக்கும் திசையை மாற்றித் தேய்த்தால், முந்தைய தாளின் கீறல்கள் அழிந்தனவா என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம். இந்தக் கட்டத்தில் விளக்கு முன்பைவிட மோசமாக, பனி படர்ந்த கண்ணாடி போல் வெளுத்துத் தெரியும், அஞ்ச வேண்டாம். எந்த எண்ணோடு நிறுத்த வேண்டும் என்பது, கடைசியில் விளக்கின் மேல் பூச நீங்கள் வாங்கும் காப்பு மேற்பூச்சைப் பொறுத்தது. ஸ்ப்ரே வகைக்கு மேற்பரப்பில் சற்றே பிடிமானம் வேண்டும் என்பதால், 1500 அல்லது 2000-உடன் நிறுத்தி, பாலிஷ் போடாமல் விட வேண்டியிருக்கும். துணியால் பூசும் வகைக்குப் பெரும்பாலும் 3000 வரை போகலாம். டப்பாவின் மேல் எழுதியிருப்பதை அப்படியே பின்பற்றுங்கள்.

எல்லாவற்றையும்விட நான் வலியுறுத்த விரும்புவது அந்த மேற்பூச்சைத்தான். தேய்க்கும்போது மிச்சமிருந்த காப்பையும் நாமே எடுத்துவிடுகிறோம். பிளாஸ்டிக் அப்போது வெறும் உடம்போடு வெயிலில் நிற்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் என் காருக்கு முதன்முதலில் இந்த வேலையைச் செய்தபோது, பளிங்கு போல் தெளிந்த விளக்கைக் கண்ட மகிழ்ச்சியில் மெழுகு மட்டும் தடவி விட்டுவிட்டேன். தைப்பூசத்துக்கு முந்தைய வாரம் தெளிந்த விளக்கு, தீபாவளிக்குப் பினாங்கு புறப்படும்போது பழையபடி மஞ்சளித்து நின்றது. மெழுகு நம் ஊர் மழையில் சில வாரங்கள்தான் தாங்கும். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் மேற்பூச்சைப் பூசினால் ஓரிரண்டு ஆண்டுகளும், காரை நிழலில் நிறுத்தினால் அதற்கு மேலும் தெளிவு நிற்கும்.

பூசுவதற்கு முன் ஐசோபுரோப்பில் ஆல்கஹாலால் துடைத்து உலரவிடுங்கள். தின்னர், அசிட்டோன் இரண்டும் பாலிகார்பனேட்டில் விரிசல் விழச் செய்யும் என்பதால் கிட்டே கொண்டுவர வேண்டாம். பிற்பகலில் இடிமழை வருவது இங்கே வழக்கமாதலால், காலை ஈரம் உலர்ந்ததும் தொடங்கி, மதியத்துக்குள் பூச்சு இறுகும்படி நேரத்தை வகுத்துக்கொள்ளுங்கள். டப்பாவின் அடியிலுள்ள பொத்தானை அழுத்தி இரண்டு பாகங்களைக் கலக்கும் ஸ்ப்ரே மிக நன்றாக நிற்கும். ஆனால் அதிலுள்ள ஐசோசயனேட் என்னும் வேதிப்பொருள் மூச்சுக்குழாயைப் பாதித்து ஆஸ்துமாவைக்கூட உண்டாக்கலாம். சாதாரண முகக்கவசம் அதற்குப் போதாது. நீங்கள் அடுக்குமாடியில் இருப்பதால், அடித்தளக் கார் நிறுத்துமிடத்தில் அதை அடிக்கவே கூடாது. துணியால் பூசும் வகையே உங்களுக்கு ஏற்றது.

கேள்வி: பற்பசையும் கொசு விரட்டித் தைலமும் தடவினால் விளக்கு பளிச்சிடும் என்று உறவினர் ஒருவர் செய்து காட்டினார். உண்மையிலேயே பளிச்சென்று ஆனது. இது போதாதா? (பட்டர்வொர்த் வாசகி)

பதில்: நீங்கள் கண்டது உண்மைதான், அம்மா. பற்பசையில் பல்லைத் தேய்க்கும் மென்துகள் இருப்பதால் இலேசான மங்கலை அது எடுத்துவிடும். கேடில்லை, ஆனால் காப்பு எதுவும் மிஞ்சாது. கொசு விரட்டி வேறு கதை. பல தைலங்களில் உள்ள டீட் என்னும் பொருள் பிளாஸ்டிக்கைக் கரைக்கக்கூடியது. அது மேற்பரப்பை மெல்ல இளக்கி, நுண்வெடிப்புகளை நிரப்புவதால் சற்று நேரம் தெளிவு தெரிகிறது. சில நாள்களில் முன்பைவிட மோசமாக மங்குவதுடன், பெயிண்ட் மீது வழிந்தால் அதையும் கெடுக்கும். ஏற்கெனவே தடவிய விளக்கைச் சோப்பு நீரால் நன்றாகக் கழுவிவிட்டு, மேலே சொன்ன முறையைத் தொடங்குங்கள்.

கேள்வி: தேய்ப்பதற்குப் பதிலாக, வெளிச்சம் கூடிய எல்இடி பல்ப் மாற்றினால் ஆகாதா? (பிரிக்பீல்ட்ஸ் வாசகர்)

பதில்: ஆகாது. ஹாலோஜன் பல்புக்காகச் செய்யப்பட்ட விளக்கின் பிரதிபலிப்பான், அந்தப் பல்பின் இழை எந்த இடத்தில் எரியும் என்று கணக்கிட்டு வடிவமைக்கப்பட்டது. எல்இடியில் ஒளி வேறு இடத்திலிருந்து புறப்படுவதால் சாலையில் விழும் ஒளிவட்டம் குலைகிறது. மங்கிய விளக்கில் அதைப் போட்டால் சிதறல் இன்னும் கூடி, எதிரே மோட்டார் சைக்கிளில் வருபவரின் கண் கூசும். ஒப்புதல் இல்லாத விளக்கு மாற்றங்களுக்குச் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜே நடவடிக்கையும் எடுக்கிறது.

கேள்வி: கார் கழுவியபின் விளக்கின் உள்ளே நீர்த்துளிகள் நிற்கின்றன. வெளியே தேய்த்தால் போகுமா? (ஜார்ஜ்டவுன் வாசகர்)

பதில்: போகாது. மெல்லிய ஆவி படர்ந்து, விளக்கை அரை மணி நேரம் எரியவிட்டதும் மறைந்தால் கவலை வேண்டாம். காற்றுத் துளைகள் தம் வேலையைச் செய்கின்றன. துளியாகத் திரண்டு மறுநாளும் நின்றால், பின்புற ரப்பர் மூடி சரியாகப் பொருந்தாமலோ ஓரத்துப் பசை விட்டுப்போயோ இருக்கும். பல்பை அண்மையில் மாற்றியிருந்தால் முதலில் அந்த மூடியைக் கழற்றி, விளிம்பு மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.