பி சான்றிதழ் இருந்தால் டெஸ்ட் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: பாலக்கோடு பக்கம் வீட்டு வயரிங் வேலை செய்கிறேன். ஐ.டி.ஐ. முடித்து, வயர்மேன் தகுதிச் சான்றிதழ் (பி) வைத்திருக்கிறேன். புது வீட்டு இணைப்புக்கு நானே கையெழுத்திட்டுக் கொடுத்த டெஸ்ட் ரிப்போர்ட்டை மின்வாரியத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். லைசென்ஸ் வைத்திருக்கும் ஒருவர், வீட்டுக்கு வராமலே முத்திரை குத்தித் தருகிறேன், பணம் கொடுத்தால் போதும் என்கிறார். வாங்கலாமா? நாளைக்கு ஏதாவது நடந்தால் மாட்டுவது யார்? என் வேலைக்கு நானே சான்று தர என்ன தகுதி வேண்டும்?

பதில்: திருப்பிக் கொடுத்தது சரிதான். பி சான்றிதழ் நீங்கள் வயரிங் வேலை செய்யத் தகுதியானவர் என்பதற்குத்தான். அந்த வேலையைச் சோதித்துச் சான்று தரும் உரிமை அதில் இல்லை.

மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு ஒழுங்குமுறைகள் (முன்பு 2010, இப்போது 2023) கேட்பது மூன்று பேரை: உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரர், நேரடியாக மேற்பார்க்கும் தகுதிச் சான்று பெற்றவர், வேலை செய்ய அனுமதி பெற்ற பணியாளர். இதில் நீங்கள் மூன்றாமவர். பல்பு, ஃபேன், ஃபியூஸ், சுவிட்ச் மாற்றுவதற்கு விலக்கு உண்டு. ஆனால் ஏ.சி.க்குப் புது லைன் இழுத்தாலே அது விலக்கில் வராது.

அடுத்து அந்த முத்திரை. டெஸ்ட் ரிப்போர்ட்டில் கையெழுத்திடுபவர் ‘சோதித்தேன், இந்த அளவு வந்தது’ என்று உறுதி சொல்கிறார். வீட்டைப் பார்க்காமலே அப்படி எழுதினால், பொய்யெனத் தெரிந்தே சான்றிதழ் கொடுத்ததாக பாரதிய நியாய சன்ஹிதா (ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த குற்றவியல் சட்டம்) 234ஆம் பிரிவு அவர் மேல் வரலாம். அது பொய் என்று தெரிந்தே மெய்ச்சான்றாகப் பயன்படுத்துபவருக்கு 235. பணம் கொடுத்து வாங்கிய நீங்கள் ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்ல வழியில்லை. ஷாக் அடித்து யாராவது இறந்தால், மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 161இன்படி மின் ஆய்வாளர் விசாரணைக்கு வரலாம். கவனக்குறைவால் மரணம் என்று பாரதிய நியாய சன்ஹிதா 106(1) போட்டால் 5 ஆண்டு வரை சிறையும் அபராதமும். வயரை இழுத்தவர், கையெழுத்திட்டவர் இருவருமே விசாரணையில் நிற்பீர்கள். உயிர்ச்சேதம் இல்லாவிட்டாலும், சேவைக் குறைபாடு என்று வீட்டுக்காரர் 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ‘எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள்’ என்பது எங்கேயும் எடுபடாது.

இந்த வீட்டுக்கு என்ன செய்வது? உரிமம் காலாவதியாகாத ஒப்பந்தக்காரரை மெகர் (வயரின் இன்சுலேஷனைச் சோதிக்கும் கருவி), எர்த் டெஸ்டரோடு நேரில் வரச் சொல்லுங்கள். மெயினை அணைத்து, நியூட்ரல் லிங்கைக் கழற்றி, பல்பு, எல்.இ.டி., சாதனங்கள் எல்லாவற்றையும் பிரித்த பிறகுதான் மெகரில் 500 வோல்ட் டி.சி. விட வேண்டும், இல்லையென்றால் சாதனம் போய்விடும். ஃபேஸ், நியூட்ரல் இரண்டுக்கும் எர்த்தோடு குறைந்தது 1 மெகாஓம் இன்சுலேஷன் தடை வேண்டும். புது வயரிங்கில் அதைவிடப் பல மடங்கு காட்டும். 1-ஐ ஒட்டி நின்றால் பைப்பில் தண்ணீரோ, பெட்டிக்குள் ஸ்க்ரூ நசுக்கிய வயரோ இருக்கும். கண்டுபிடிக்காமல் கையெழுத்து வாங்காதீர்கள். எர்த் வயர் ஒவ்வொரு சாக்கெட் வரை தொடர்கிறதா, ஃபேஸ் சுவிட்ச் வழியாகத்தான் போகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். வீட்டுக்குப் பொருத்தும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.டி.யை (மின்கசிவு வந்தால் லைனைத் துண்டிக்கும் கருவி) டெஸ்டர் வைத்தே சோதிக்க வேண்டும். ‘டி’ (டெஸ்ட்) பட்டனை அழுத்தினால் கருவி விழுகிறதா என்பது மட்டும் தெரியும், எர்த் நன்றாக இருக்கிறதா என்பது தெரியாது. அடிக்கடி விழுகிறது என்று அதை பைபாஸ் செய்வது நம் பக்கத்தில் சாதாரணம். பெரும்பாலும் காரணம் நியூட்ரலும் எர்த்தும் எங்கோ தொட்டுக்கொண்டிருப்பதுதான். பைபாஸ் செய்த கை யாருடையது என்பது பிறகு வழக்கில் முதல் கேள்வியாக வரும்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மண்ணில் எர்த்திங் தனிப் பாடு. கொஞ்சம் தோண்டினாலே பாறை தட்டும், கோடையில் எர்த் தடையின் (ஓம்) அளவு எகிறும். 2.5 மீட்டர் எர்த் பைப் இறங்காத இடத்தில் அதை வெட்டிக் குட்டையாக நட்டுவிட்டு ரிப்போர்ட்டில் முழு நீளம் எழுதுவதும் பொய்ச்சான்றுதான். ஒன்றுக்கு இரண்டாக, குறைந்தது 5 மீட்டர் தள்ளி நட்டு இணையுங்கள். அல்லது மண் ஆழமுள்ள மூலையில் உலோகப் பட்டையைக் கிடையாகப் புதையுங்கள். அளந்த தேதியோடு கிடைத்த ஓம் அளவை அப்படியே எழுதச் சொல்லுங்கள்.

சுவருக்குள் போன பைப்பை இப்போது யாரும் பார்க்க முடியாது. அதனால் அடுத்த வேலையிலிருந்து பூச்சுக்கு முன்பே ஒப்பந்தக்காரரை ஒருமுறை வரவழையுங்கள். வீட்டுக்காரரோடு ஒப்பந்தம் அவர் பெயரில் இருக்கட்டும், அவரிடம் வேலை செய்யும் வயர்மேனாக நீங்கள் இருங்கள். சட்டம் சொல்லும் வரிசையே அதுதான்.

நீங்களே கையெழுத்திட வேண்டுமானால், சென்னையில் உள்ள தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியத்திடம் ஒப்பந்தக்காரர் உரிமம் வாங்க வேண்டும். அதற்கு மேற்பார்வையாளர் (சி) சான்றிதழ் உள்ள ஒருவர் முழுநேரமாக உங்களிடம் இருக்க வேண்டும். வேறொரு நிறுவனத்தில் பெயர் கொடுத்தவரை இங்கேயும் காட்ட முடியாது. எலக்ட்ரிக்கல் டிப்ளமோ அல்லது பட்டத்தோடு அனுபவம் உள்ளவர்கள் சி சான்றுக்கு விண்ணப்பிக்கலாம். சோதனைக் கருவிகள் சொந்தமாக இருக்க வேண்டும். உங்களோடு ஐ.டி.ஐ. படிக்காத பையன்கள் வேலை செய்தால், 21 வயது நிறைந்து 5 ஆண்டு வயரிங் அனுபவம் உள்ளவர்களை அரசு ஐ.டி.ஐ.யில் நடக்கும் மின்கம்பியாள் உதவியாளர் தேர்வை எழுத வையுங்கள். அறிவிப்பு பத்திரிகையில் வரும்.

ஒப்பந்தக்காரர் நேரில் வந்து சோதிப்பதற்கான கூலியை எஸ்டிமேட்டிலேயே தனி வரியாகப் போட்டுவிடுங்கள். இணைப்பு கேட்கும் நேரத்தில் சொன்னால் வீட்டுக்காரர் தரமாட்டார்.