ஆலங்கட்டி மழைக்குப் பிறகு கூரையைப் படமெடுப்பது

தம்பி, டல்லாஸ் பக்கம் வீடு வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை, நேற்று ராத்திரி ஆலங்கட்டி மழை, இன்சூரன்ஸுக்குக் கூரையை எப்படிப் படமெடுத்து அனுப்புவது என்று கேட்டிருந்தீர்கள். முதலில், கூரைமேல் ஏறாதீர்கள். ஈர ஷிங்கிள், அதாவது கூரைமேல் பதித்திருக்கும் தார் ஓடு, வழுக்கும். பாதி வேலையைத் தரையில் நின்றே முடிக்கலாம்.

என் முதல் கிளெய்முக்கு அறுபது படம் எடுத்தேன், எல்லாமே கிட்டத்தில். சேதத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பும் அட்ஜஸ்டர் பார்த்துவிட்டு, "இது எந்தப் பக்கச் சரிவு?" என்று கேட்டார். என்னால் சொல்ல முடியவில்லை. ஒரு பக்கத்துக்குத்தான் பணம் வந்தது.

அதனால் தூரத்திலிருந்து தொடங்குங்கள். வீட்டு எண் தெரிய ஒரு படம், நான்கு பக்கமும் முழுசாக, அப்புறம் ஒவ்வொரு சரிவாக. மேலே ஏறுகிற ரூஃபரிடம் (கூரை வேலைக்காரர்), அடிபட்ட இடத்தைச் சாக்பீஸால் வட்டமிட்டு, பக்கத்தில் ஒரு குவார்ட்டர் (25 சென்ட்) காசு வைத்து எடுக்கச் சொல்லுங்கள். காசு ஏறக்குறைய ஓர் அங்குலம், பார்ப்பவருக்கு அளவு புரிந்துவிடும். புல்லில் ஆலங்கட்டி இன்னும் கரையாமல் கிடந்தால் அதையும் காசோடு எடுத்துவிட்டு, பையில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள்.

ஷிங்கிளில் விழுந்த அடியைப் பழைய தேய்மானம் என்று சொல்லிவிட முடியும். தகரத்தில் விழுந்த குழியை அப்படிச் சொல்வது கஷ்டம். கூரையில் நீட்டிக்கொண்டிருக்கும் காற்றுக் குழாய்கள், மழைநீர் வடியும் தகரக் கட்டர், ஏசி யூனிட்டின் மெல்லிய தகடுகள் எல்லாவற்றையும் எடுங்கள். காலைச் சாய்வெயிலில் குழி நிழல் கட்டித் தெரியும், உச்சி வெயிலில் மறைந்துவிடும். கட்டர் தண்ணீர் தரையில் கொட்டும் இடத்தையும் பாருங்கள். கருமணல் போலக் குவிந்திருந்தால், அது ஷிங்கிளிலிருந்து உதிர்ந்த துகள்.

ஒழுகினால் தார்ப்பாய் போடுங்கள். ஆனால் போடுவதற்கு முன் ஒரு படம், ரசீதும் பத்திரம். வாட்ஸ்அப்பில் போய்வந்த படத்தில் எடுத்த நேரம் அழிந்துவிடும், அதனால் அசல் ஃபைலையே அனுப்புங்கள்.

இன்று மாலைக்குள் ரூஃபர்கள் கதவைத் தட்டுவார்கள். இங்கே பல பாலிசிகளில் டிடக்டிபிள், அதாவது இன்சூரன்ஸ் தருவதற்கு முன் நாமே ஏற்க வேண்டிய பங்கு, வீட்டுக் காப்பீட்டுத் தொகையில் 1 அல்லது 2 சதவீதம். 4,00,000 டாலருக்கு 2 சதவீதம் என்றால் 8,000 டாலர் உங்கள் கையிலிருந்து போகும். "அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று யாராவது சொன்னால் கையெழுத்துப் போடாதீர்கள். டிடக்டிபிளை ரூஃபர் தள்ளுபடி செய்வது டெக்சாஸில் 2019 முதல் சட்டவிரோதம்.