பைபர் பட்டி தாங்குமா: மிதிச்சுப் பார்த்தால் போதாது

தம்பி, முல்லைத்தீவில வள்ளத்தின்ர அடியில போட வார்த்த பைபர் பட்டி தாங்குமா, ஏறி மிதிச்சுப் பார்த்தால் போதுமா எண்டு கேட்டிருந்தீங்கள். போதாது. மிதிக்கேக்க வளையுதா எண்டுதான் தெரியும், எந்தப் பாரத்தில முறியும் எண்டு தெரியாது. பைபர் இரும்பு மாதிரி நெளிஞ்சு எச்சரிக்காது, திடீரெண்டு முறியும்.

அதே நாள், அதே றெசின் (நாரை இறுக்கிற பசை), அதே மட் (கண்ணாடி நார் விரிப்பு) போட்டு வார்த்த தகட்டில 15 மில்லிமீற்றர் அகலத்தில ஐந்து துண்டு வெட்டுங்கோ. வெட்டின ஓரத்தை 400 நம்பர் சாண்ட் பேப்பரால தண்ணி விட்டுத் தேய்ச்சே ஆகவேணும். வாள் கீறலில இருந்து வெடிப்புத் தொடங்கினால் கணக்குப் பிழைக்கும். ஒரு கிழமை காயட்டும்.

தடிப்பு 5 மில்லிமீற்றர் எண்டால், 80 மில்லிமீற்றர் இடைவெளியில இரண்டு உருளைக் கம்பியில வைச்சு, நடுவில பரல் தொங்கவிட்டு லீற்றர் லீற்றராத் தண்ணி ஊத்துங்கோ. பரலுக்குக் கீழ காலை வைக்காதேங்கோ. முறியேக்க பரலோட சேர்ந்த மொத்தக் கிலோவை 3.14 ஆல பெருக்கினால் மெகாபஸ்கால் எண்ட அலகில வளைவுப் பலம், அதாவது வளைக்கேக்க முறியாமல் தாங்கிற பலம் வரும். இந்த எண் இந்த அளவுக்கு மட்டும்தான். மட் மட்டும் போட்ட நல்ல வேலைக்கு 150 அளவில, அதாவது கிட்டத்தட்ட 48 கிலோவில முறியவேணும்.

முறிஞ்ச இடத்தையும் பாருங்கோ. அடிப்பக்க நார் அறுந்தால் சரி. படை படையாக் கழண்டால் உருளை போட்டுக் காத்தை எடுக்கேல்ல, இல்லாட்டி முதல் படை நல்லா இறுகின பிறகு தேய்க்காமல் அடுத்ததைப் போட்டிருக்கு. அப்பிடியெண்டால் அந்தப் பட்டியை வள்ளத்தில போடாதேங்கோ.