செனெக்கா யாருடைய பெயர்?

தம்பி, செனெக்கா கல்லூரியில் இடம் கிடைத்திருப்பதாக எழுதியிருந்தீர்கள், சந்தோஷம். ரொறன்ரோவின் கிழக்கே ஸ்காபரோவில் தங்கிப் படிக்க முடியுமா, அந்தப் பெயர் ரோமாபுரித் தத்துவஞானியுடையதா என்று இரண்டு கேள்வி. முதலாவதற்குப் பதில் சுருக்கம்: தாராளமாக முடியும். கல்லூரியின் நியூனம் வளாகம் ஃபிஞ்ச் வீதியில் இருக்கிறது, 39ஆம் இலக்க பஸ் அந்த வழியாகவே போகும்.

பெயர் ரோமாபுரிக்காரருடையது அல்ல. செனெக்கா என்பது இந்த மண்ணின் பழங்குடி மக்கள். ஆறு தேசத்தார் என்று இன்று சொல்லப்படும் ஹோடெனொஷோனி பழங்குடிக் கூட்டமைப்பின் மேற்கு எல்லையைக் காத்தவர்கள், அதனால் ‘மேற்கு வாசல் காவலர்’ என்றே பெயர். தாயகம் இன்றைய நியூயோர்க் மாநிலத்தின் மேற்குப் பகுதி. ஆனால் 1660களில் ஒன்ராறியோ ஏரியின் வடகரையிலும் ஊர் அமைத்து வாழ்ந்தார்கள். அதில் ஒன்று ரூஜ் ஆற்று முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இருந்தது, அதாவது நம்மவர்கள் இவ்வளவு பேர் வீடு வாங்கியிருக்கிற ஸ்காபரோவின் கிழக்கு ஓரத்தில். இங்கே வந்து குடியேறிய ஒவ்வொருவரும் இதைத் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

அவர்கள் பட்டது கொஞ்சமல்ல. 1779இல் ஜோர்ஜ் வாஷிங்டன் அனுப்பிய படை ஊர்களோடு சோளக் கொல்லைகளையும் பழத்தோட்டங்களையும் சேர்த்து அழித்தது. 1794இல் அமெரிக்க அரசு அவர்களுடைய நிலத்துக்கு உறுதியளித்து ஒப்பந்தம் எழுதியது. அதை மீறித்தான் பென்சில்வேனியாவில் கின்சுவா அணை வந்தது. 1965இல் வேலை முடிந்தபோது சுமார் 10,000 ஏக்கர் நிலம் தண்ணீருக்குள். அறுநூறு பேரளவில் வீடு வாசலை விட்டு எழும்ப வேண்டியதாயிற்று. கல்லறைகளைக்கூடத் தோண்டி வேறிடம் மாற்றினார்கள், அந்த ஒப்பந்தத்தில் ஒப்பமிட்ட தலைவர் கோர்ன்பிளாண்டருடையதையும். ஊரை இழந்து வந்த நமக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை.

மொழியைப் பற்றியும் சொல்லவேண்டும். அதில் ப, ம ஒலிகள் கிடையாது. நம் புலவர்கள் உதடு ஒட்டாமல் நிரோட்டகம் பாடியது பெரிய வித்தை, அவர்களுக்கோ அன்றாடப் பேச்சே அப்படி. பிள்ளைகளை விடுதிப் பள்ளிகளில் அடைத்துத் தாய்மொழி பேசவிடாமல் வளர்த்ததால், இன்று சரளமாகப் பேசுகிறவர்கள் மிகச் சிலர், பெரும்பாலும் முதியவர்கள். ஆனாலும் விட்டுவிடவில்லை. நியூயோர்க் மாநிலத்தில் அவர்களுடைய நிலமான அலெகெனி பகுதியில் 1998இல் சொந்தமாகவே ஒரு பள்ளி தொடங்கிப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள்.

அமெரிக்கப் பக்கம் போக உங்களுக்கு விசா வேண்டும். அதுவரை ஒன்ராறியோவிலேயே பிரான்ட்ஃபோர்ட் நகரில் உள்ள, பழங்குடியினர் பற்றிய வுட்லண்ட் பண்பாட்டு மையத்துக்குப் போய்ப் பாருங்கள். பக்கத்தில் கிராண்ட் ஆற்றங்கரையில் ஆறு தேசத்தாரின் நிலம், செனெக்காக்களும் அங்கே இருக்கிறார்கள். யூலை கடைசியில் அங்குள்ள ஒஸ்வேகன் ஊரில் பவ்வவ் என்கிற பெரிய பழங்குடி ஆட்ட விழா நடக்கும், வெளியாரும் போகலாம். ஆடுகிறவர்களைப் படம் எடுக்கமுன் கேட்டுவிட்டு எடுங்கள். பஸ் வசதி குறைவு, கார் உள்ள ஒரு நண்பரைச் சேர்த்துக்கொண்டு போங்கள்.